நண்டுக்கு எந்த வீடு?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. நான்கு மாதம் அதுதான் நண்டு என்ற தெருநாயின் வீடு. கதவைத் திறந்தால் உடம்பு அசையாது, காது மட்டும் பின்பக்கம் படுத்துக்கொள்ளும். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் போன பிறகுதான் நக்கும் சத்தம் கேட்கும். ஆள் நிழல் பட்டதும் வளைக்குள் போய்விடுகிறதே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் நண்டு.

ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் ஊர்க் கடற்கரையில் மே மாதம் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதில் கரையில் கொட்ட ஒன்றும் மிஞ்சாது. கழிவு மீனை நம்பிப் பிழைக்கும் கரை நாய்களுக்கு எலும்பு தெரிய ஆரம்பிக்கிற மாதம் அது. கவிழ்த்துப் போட்ட ஒரு வத்தைப் படகுக்கு அடியில் இது சுருண்டு கிடந்தது. கழுத்தில் நைலான் வலைக்கயிறு. சிறுவயதில் யாரோ கட்டியதாக இருக்கும். உடம்பு வளர்ந்தது, கயிறு வளரவில்லை, சதைக்குள் போய்விட்டது. கால்நடை மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். பல்லைப் பார்த்து ஒன்றரை வயது இருக்கும் என்றார். புண் ஆறியதும் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்தது. அப்புறம் வந்தது உண்மையான கேள்வி: இதை எங்கே அனுப்புவது?

எங்களாலேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். மாமியாருக்கு இழுப்பு. ஏற்கெனவே இருக்கும் இரண்டு நாய்களும் நண்டைத் தட்டுப் பக்கமே விடுவதில்லை. நான்கு மாதம் தனித்தனிக் கதவு, தனித்தனி நேரம் என்று ஓட்டினோம். அது வாழ்க்கை இல்லை, எங்களுக்கும் சரி, அதற்கும் சரி.

வழிகளைச் சொல்லுமுன் பயம் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் எடுக்கும் நாய்களில் பயந்த நாய் இரண்டு வகை. ஒன்று, மனிதர்களோடு பழகி அடிபட்ட நாய். வயிறு நிரம்ப ஒரு வாரம் சோறு கிடைத்தால் அதற்குப் பழைய நினைவு திரும்பிவிடும், வாலும் ஆட ஆரம்பிக்கும். இன்னொன்று, குட்டியிலேயே பழகாத நாய். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் உலகத்தில் எதெல்லாம் சாதாரணம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தை உடங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தே கழித்த குட்டிக்கு மனிதக் கை சாதாரணம் இல்லை. நண்டு அந்த வகை. அதற்குத் தெரிந்த ஒரே கை, கயிறு கட்டிய கை.

அதனால் ‘பாசமான வீடு’ என்று பொதுவாகத் தேடுவதை நிறுத்திவிட்டேன். கேட்க வந்த எல்லாருமே பாசமானவர்கள்தான். ஆறு மாதம் இந்த நாய் உங்கள் பக்கம் வரவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதில் சொன்ன விதத்தில் பாதி தெரிந்துவிட்டது.

முதல் வழி, எடுத்த இடத்திலேயே விடுவது. இதைக் கைகழுவுதல் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளே கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த தெருநாயை எடுத்த பகுதியில் திரும்ப விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். வெறிநோய் பிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. அப்புறம் நவம்பர் 7 அன்று வந்த உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று ஆகிவிட்டது. நண்டு கரை நாய். விதிப்படி பார்த்தால் கரையிலேயே விட்டிருக்கலாம். வீட்டுக்குக் கொடுத்ததைவிடக் கரையில் திரும்ப விட்ட நாய்கள்தான் என் கணக்கில் அதிகம். அதில் ஒரு கடுவன் இன்றைக்கும் டீக்கடை பெஞ்சுக்கடியில் ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கிறது. அதைப் பிடித்து ஒரு வீட்டுக்குள் அடைத்தால் அதுதான் பாவம்.

ஆனால் கரையில் பிழைக்கத் தைரியம் வேண்டும். வலை உதறும் நேரத்தில் விழுகிற மீனுக்கு ஏழெட்டு நாய் பாயும். நண்டு கடைசியில் நிற்கும். கடைசியில் மிஞ்சுவது பேத்தை மீன், அதில் விஷம். காக்கை கூடத் தொடாததைப் பசித்த நாய் தொட்டுவிடும். தை, மாசி பிறந்தால் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைப்பதே பாதி நாய்க்கும் நரிக்கும் பயந்துதான். பசித்த நாயைக் கரையில் விட்டுவிட்டு ஆமைக்காகவும் வருத்தப்படுவது எனக்கு ஒத்துவரவில்லை. தவிர, அடுத்த தடைக்காலம் ஏழே மாதத்தில்.

காப்பகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அடிபட்ட நாய்க்கு அது உயிர். ஐம்பது நாய் ஒரே நேரத்தில் குரைக்கிற இடத்தில் பயந்த நாய் இன்னும் உள்ளே போகும். தத்தெடுக்க வருகிறவர்கள் கம்பியருகே வந்து வாலாட்டுகிற நாயைத்தான் பார்ப்பார்கள். மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருப்பது யார் கண்ணிலும் படாது.

மதுரையிலிருந்து கேட்டவர்கள் இளம் தம்பதி. மூன்றாவது மாடியில் அடுக்ககம், இருவருக்கும் வேலை. “அக்கா, அவளை எங்க குழந்தை மாதிரி பார்த்துக்குவோம்” என்று அந்தப் பெண் சொன்னது வாய்வார்த்தை இல்லை. மெத்தை, தட்டு எல்லாம் வாங்கி வைத்துப் படம் அனுப்பியிருந்தார். பக்கத்திலேயே நல்ல மருத்துவமனை, மாதம் ஒரு தொகை தனியாக எடுத்துவைக்கிற வசதி, எதிலும் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். மாடியில் இருக்கிற நாயை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கீழே கூட்டிப்போக வேண்டும். அப்படியென்றால் கயிறு, படிக்கட்டு, லிஃப்ட், அதற்குள் நிற்கும் தெரியாத நான்கு பேர், கீழே ஹார்ன். கயிறு கழுத்தில் பட்டாலே மூத்திரம் விடுகிற நாய்க்கு தினம் மூன்று தடவை இது. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை வீட்டில் ஆள் கிடையாது. அழைத்துப் போவதும் சுலபமில்லை. ரயிலில் முதல் வகுப்பில் தனி கூபே எடுத்தால் நாய் நம்மோடு வரலாம், இல்லையென்றால் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. மண்டபத்திலிருந்து மதுரை வரை 140 கிலோமீட்டர் சொச்சம் அந்த இருட்டுப் பெட்டியில் போனால், நான்கு மாதத்தில் தேறியது எல்லாம் மானாமதுரை தாண்டுமுன் போய்விடும். கார் பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகும் லிஃப்ட் லிஃப்ட்தானே. ஆறு மாதம் வராவிட்டால் என்ற கேள்விக்கு அந்தப் பெண் கொஞ்சம் வாடிப்போய், “வந்துடுவாக்கா, நாங்க அவ்வளவு அன்பா இருப்போம்” என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பயம். நாய் வராமல் போனால் அவர் மனசு உடையும். அவர்களுக்கு ஒரு துறுதுறு குட்டி அமைய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அமைந்தால் அந்தக் குட்டிக்கு ராஜவாழ்க்கை.

ராமநாதபுரம் டவுனில் ஒரு வீடு. காம்பவுண்ட் சுவர், வேப்பமரம், நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பாட்டி, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். பார்த்தவுடன் இதுதான் என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை இதே மாதிரி வீட்டில் சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயந்த நாயை அவசரப்பட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கேன்காரர் கேட்டைத் திறந்தபோது அவர் காலிடுக்கில் பாய்ந்து ஓடிவிட்டது. எல்லாரும் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்கள். துரத்துகிற கூட்டத்திடமிருந்து எந்த நாயும் இன்னும் வேகமாகத்தான் ஓடும். நான்கு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. ஓடிய இடத்திலேயே அதன் பழைய துணியையும் சோற்றையும் வைத்துவிட்டு எட்டத்தில் உட்கார்ந்திருந்தால் இருட்டியதும் திரும்பியிருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கேட் எத்தனை தடவை திறக்கும் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பதினேழு தடவை. இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் பாசத்தில் மூலைக்குள் கை நீட்டுவார்கள். போக வழியில்லாத நாய் பயத்தில் கடிக்கும். கடித்தால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், ஊசிக்கு ஓட வேண்டும், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிள்ளைக்கு ஆயுசுக்கும் நாயென்றால் பயம், நாய்க்கு வீடு போச்சு. வேண்டாம் என்று சொன்னபோது பாட்டிக்குக் கோபம். நியாயமான கோபம்தான்.

மிச்சம் இரண்டு. பாம்பனில் ஒரு மீனவக் குடும்பம், உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பில் ஒரு வயதான தம்பதி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன்.

பாம்பன் அக்காவுக்கு நாயைப் பற்றி என்னைவிடத் தெரியும். வாடியில் கருவாடு காயப்போடுகிறவர். காக்கை விரட்டவும் இரவுக் காவலுக்கும் எப்போதும் அவர் வாசலில் ஒரு நாய் உண்டு. இப்போது இருப்பது சாதுவான பெட்டை. பயந்த நாய்க்கு மனிதனைவிட இன்னொரு நாய்தான் நல்ல வாத்தியார். அது போய்ச் சோறு வாங்குவதைப் பார்த்து இதுவும் ஓரடி வரும். அக்கா சொன்னார்: “நாய்க்கு என்ன தங்கச்சி பயம்? நாலு நாளைக்கு மீன் தல போட்டா வாசல விட்டு நகராது.” ஆறு மாதக் கேள்விக்குச் சிரித்துவிட்டார். வராவிட்டால் என்ன, அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார். எதிர்பார்ப்பே இல்லாத அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது, சத்தம். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் தண்டவாளம். 2022 டிசம்பரிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லாமல் கிடந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி ஓடுகிறது. நான் உட்கார்ந்திருந்த போதே ஒரு வண்டி போனது. அந்த வீட்டு நாய் தலையைக் கூடத் தூக்கவில்லை, நான்தான் திடுக்கிட்டேன். திருவிழா வந்தால் மூன்று நாள் குழாய் ஸ்பீக்கர், வெடி. வேலியும் கிடையாது. மிரண்டு ஓடினால் ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் நெடுஞ்சாலை. பழகிய நாய்க்கு அங்கே ஒரு ஆபத்தும் இல்லை. பழகுவதற்குள் அந்த முதல் இரண்டு மாதம்தான் கண்டம்.

தோப்பு நேர்மாறு. தார் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் மண்பாதை. தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, ஒரு மாடு, ஒன்பது வயதுக் கடுவன் மணி. ‘மண்டை நாய் கலப்பு தாயி, இந்த மண்ணு ஜாதி’ என்று பெரியவர் பெருமையாகச் சொல்லுவார். என் கண்ணுக்கு அது நல்ல பெரிய தலையுள்ள நாட்டு நாய், அவ்வளவுதான். நாள் முழுக்க இருவரும் தோப்பில்தான். காற்று, தேங்காய் விழும் சத்தம், எப்போதாவது மோட்டார். வெடிச்சத்தம் கேட்டாலும் எங்கோ தூரத்தில்தான்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. சுற்றிலும் பனை மட்டை வேலி, அதில் நாய் நுழைகிற அளவு நான்கு ஓட்டை. பாம்பு உண்டு. உண்ணி தாராளமாக உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் ராமநாதபுரம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பெரியவரிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். எல்லாவற்றையும்விட வயது. அவருக்கு எழுபத்திரண்டு. நண்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. மகன் துபாயில். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் நாய் என்னாகும் என்பதை நாசூக்காகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. நேராகவே கேட்டேன். அந்த அம்மாதான் பதில் சொன்னார்: “எங்களுக்கு ஒண்ணுன்னா நீ வந்து கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் சோறு வைக்கிறது எங்க வேல. வந்தா வரட்டும், வராட்டி கெடக்கட்டும்.”

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டும் சமம். பாம்பனுக்கு இளம் வயது, அனுபவம், நல்ல துணை நாய். தோப்புக்கு அமைதி, நேரம், அதே மாதிரி துணை நாய். தராசைத் தோப்புப் பக்கம் சாய்த்தது ஒரு மத்தியானம்.

நண்டை ஒருநாள் தோப்புக்குக் கூட்டிப்போனேன். மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒன்றிலிருந்து நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும். ஆட்டோவிலிருந்து இறக்கியதும் மாட்டுக் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. கொட்டகை நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த தென்னோலையை மடியில் போட்டு ஈர்க்குச் சீவ ஆரம்பித்தார். விளக்குமாறு கட்ட. கத்தி ஓலையில் போகும் சர்ர் சத்தம், ஈர்க்கு ஒன்றின்மேல் ஒன்று விழும் சத்தம். பேசவும் இல்லை, திரும்பவும் இல்லை. மணி அவர் காலடியில் தூங்கியது. நாற்பது நிமிடம் இருக்கும். நண்டு வயிறு தரையோடு தேய ஓரடி வந்தது, நின்றது, இன்னோரடி. சீவிப்போட்ட ஓலைக் குவியலை மூக்கு நுனியால் தொட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் சுவருக்குத் திரும்பியது. அவர் கத்தியை நிறுத்தவில்லை.

நான்கு மாதத்தில் எங்கள் யாருடைய முதுகுக்கும் அது அவ்வளவு பக்கம் வந்ததில்லை. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பாம்பன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. தோப்பில் சரிப்படவில்லை என்றாலோ பெரியவருக்கு முடியாமல் போனாலோ நண்டு தன்னிடம் வரட்டும் என்று அவரே சொன்னார். அதற்குள் அது ஆளோடு பழகியிருக்கும், ரயிலும் அவ்வளவு மிரட்டாது. ஆக, இரண்டாவது வீடும் கையில் இருக்கிறது. வயசுக் கவலை பாதி குறைந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் கொண்டுபோய் விட்டோம். தீபாவளிக்கு முன் ஆறு வாரமாவது அந்த இடம் பழகட்டும் என்று கணக்குப் போட்ட தேதி. அதற்கு முந்தின ஞாயிறு நானும் என் கணவரும் போய் வேலி ஓட்டை நான்கையும் வலைத்துண்டு வைத்துக் கட்டினோம். என் பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தேன், படுக்கைக்கு. முதல் இரண்டு வாரம் அறைக்குள்தான், வெளியே விட்டால் இரண்டு கயிறோடுதான் என்று சொன்னேன். பெரியவர் தபால்காரர் இல்லையா, எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதிக்கொண்டார். வருடாந்தரத் தடுப்பூசித் தேதியும் உண்ணி மருந்துத் தேதியும் அதே டைரியில். உண்ணி மருந்து நாங்கள் வாங்கித் தருவதாக ஏற்பாடு.

முதல் மூன்று நாள் எதையும் தொடவில்லை. நாலாம் நாள் இரவு தட்டு காலி. மூன்றாவது வாரம் மணிக்குப் பின்னால் கிணற்றடி வரை வந்திருக்கிறது. தீபாவளி இரவு கட்டிலுக்கு அடியில் போனது மறுநாள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அந்த அம்மா அங்கேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார், அதைக் கூப்பிடாமல். இன்றைக்குவரை யாரும் அதைத் தடவிக் கொடுத்ததில்லை. போன வாரம் போன் செய்தபோது பெரியவர் மணியின் காதுப் புண்ணைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வைக்கப் போகும்போது, ஞாபகம் வந்த மாதிரி சொன்னார்: “ஒன் நண்டு கட்டிலுக்கு அடியிலதான் தாயி கெடக்கு. வாலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மிதிச்சிருவோமோன்னு நாங்க சுத்திப் போறோம்.”